டிரான்ஸ்ஃபர் சீசன்: நம்ம டீம் எந்த மாதிரி ஆளை எடுக்கணும்?

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். தேங்காப்பட்டணத்திலும் குளச்சலிலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஆட்கள் கரையில் இருப்பார்கள். கால்பந்துக் கிளப்கள் ஆட்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் விண்டோவும் அதே நேரம் பார்த்துத்தான் திறக்கிறது. பிறகு கேட்கவா வேண்டும்? நீரோடியிலிருந்து தூத்தூர் வரை எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒருவர் ஸ்ட்ரைக்கர் வாங்கிக்கொண்டிருப்பார், இன்னொருவர் கோச்சை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். களியக்காவிளைப் பக்கம் கேரளா பிளாஸ்டர்ஸ் மஞ்சள் தூக்கலாக இருக்கும். நாகர்கோவிலில் சென்னையின் எஃப்சி கிளப்பின் நீலச் சட்டையும் கொஞ்சம் கண்ணில் படும். ஆனால் சண்டை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: வயதான வெளிநாட்டுக்காரரை எடுப்பதா, காசைக் கொட்டி இந்தியப் பையனை எடுப்பதா, ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீயாக வருபவரைப் பிடிப்பதா, லோனில் இரவலாக எடுப்பதா, இல்லை நம்ம அகாடமிப் பையனை ஏற்றிவிடுவதா?

இதே கேள்வியை ஊர் டீம் நடத்துகிறவர்களும் கேட்கிறார்கள். டிசம்பர் டூர்னமென்ட்டுக்கு வெளியிலிருந்து கெஸ்ட் ஆட்களைக் கூப்பிடுவதா, இருக்கிற பையன்களை வைத்தே இறங்குவதா? இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம். முதலில் பெரிய கிளப்.

## எதை வைத்து எடை போடுவது?

பேரையும் தொகையையும் வைத்துத்தான் பாதி வாக்குவாதம் நடக்கிறது. இதில் தொகையை நம்பவே முடியாது. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்கள் பெரும்பாலும் அதை வெளியே சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் கோடிகள் எல்லாம் யாரோ குத்துமதிப்பாகப் போட்டவை. நான் பார்ப்பது வேறு நான்கு.

ஒன்று, மொத்தச் செலவு. டிரான்ஸ்ஃபர் தொகை அதில் ஒரு பகுதிதான். சம்பளம், கையெழுத்துப் போடக் கொடுக்கும் பணம், ஏஜென்ட் பங்கு, ஒப்பந்தம் எத்தனை வருடம் என்பது எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

இரண்டு, எத்தனை நிமிடம் ஆடுவார். வயதும் பழைய காயமும் இதற்குள் வந்துவிடும்.

மூன்று, யாருடைய இடத்தைப் பிடிக்கிறார். ஐஎஸ்எல்லைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். 2014-ல் ஒரு அணிக்கு ஆறு வெளிநாட்டுக்காரர்கள் மைதானத்தில் நிற்கலாம். 2017-18-ல் அது ஐந்தானது, 2021-22-லிருந்து நான்கு. ஆக, ஏழு இந்தியர்கள் எந்நேரமும் ஆடியே தீர வேண்டும். போதாததற்குச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. பல சீசன்களாக அது 16.5 கோடி ரூபாயாக இருந்தது. முதலாளியிடம் எவ்வளவு பணம் இருந்தாலும் இடமும் வரம்பும் அவ்வளவுதான்.

நான்கு, அவர் போன பிறகு கிளப்பிடம் என்ன மிஞ்சும்.

| வழி | முதலில் தெரியும் செலவு | பிறகு தெரியும் செலவு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|
| மூத்த வெளிநாட்டு வீரர் | சம்பளம் | நான்கு இடத்தில் ஒன்று, காயம், மறு வருடம் மீண்டும் தேடல் | மற்ற எல்லாம் சரி, கோல் மட்டும் இல்லை என்றால் |
| விலை கொடுத்து இந்திய வீரர் | டிரான்ஸ்ஃபர் தொகை | நீண்ட ஒப்பந்தம், பெஞ்சில் உட்கார்ந்தாலும் சம்பளம் | நடுக்களமோ பின்வரிசையோ ஓட்டையாக இருந்தால் |
| ஃப்ரீ | ஒன்றுமில்லை | கையெழுத்துப் பணம், கூடுதல் சம்பளம் | பழைய கிளப் அவரைத் தக்கவைக்க முயன்றிருந்தால் |
| லோன் | சம்பளத்தில் ஒரு பங்கு | சீசன் முடிந்ததும் ஆள் இல்லை | காயம்பட்டவரின் இடத்தை ஒப்பேற்ற |
| அகாடமிப் பையன் | மிகக் குறைவு | அவர் பழகும் வரை போகும் புள்ளிகள் | கோச்சுக்கு இரண்டு வருட உத்தரவாதம் இருந்தால் |

## மூத்த வெளிநாட்டு வீரர்

ஐஎஸ்எல் தொடங்கியதே இந்த ஆசையில்தான். 2014-ல் டெல்லி டைனமோஸுக்கு அலெஸ்ஸாண்ட்ரோ டெல் பியரோ வந்தார், நாற்பதைத் தொடும் வயதில். அடித்தது ஒரு கோல். 2017-ல் பிளாஸ்டர்ஸுக்கு டிமிடர் பெர்படோவ் வந்தபோது நம் பக்கத்தில் நடந்த கொண்டாட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அவரும் ஒரு கோல்தான்.

இதைச் சொல்லி "கிழவர்கள் வேண்டவே வேண்டாம்" என்று முடிப்பவர்கள் ஓக்பெச்சேயை மறந்துவிடுகிறார்கள். பார்த்தலோமியு ஓக்பெச்சே 2019-20-ல் பிளாஸ்டர்ஸுக்கு 15 கோல் அடித்தார். அந்த வருடம் கொல்கத்தாவின் ஏடிகே அணியில் ஆடிய ராய் கிருஷ்ணா, சென்னையினின் வால்ஸ்கிஸ் இருவருக்கும் அதே 15. அவரைப் பிளாஸ்டர்ஸ் விட்டது. மும்பைக்குப் போனார், மும்பை சாம்பியன். அப்புறம் ஹைதராபாத். 37 வயதில், 2021-22-ல், 18 கோல். 2022 மார்ச் 20 அன்று இறுதி ஆட்டத்தில் பெனால்ட்டியில் பிளாஸ்டர்ஸ் தோற்றபோது எதிர்ப் பக்கத்தில் இருந்தவரும் அவரேதான். இதை எங்கள் பக்கத்துப் பிளாஸ்டர்ஸ் ரசிகரிடம் சொன்னால் டீயைக் கீழே வைத்துவிடுவார்.

ஆகவே வயதை மட்டும் பார்த்துப் பயனில்லை. டெல் பியரோவும் பெர்படோவும் பந்தைக் கேட்டு வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர்கள். அவர்களைச் சுற்றி மற்றவர்கள் ஓட வேண்டும். ஓக்பெச்சேக்குக் கோலுக்கு முன்னால் பெனால்ட்டி பெட்டிக்குள் பந்து வந்தால் போதும். வயதான ஆள் என்றால் பெட்டிக்குள் வேலை பார்க்கிறவராக இருக்கட்டும்.

இவர்களுடைய ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ வருடம்தான். நன்றாக ஆடினால் அடுத்த வருடம் இன்னொருவர் தூக்கிவிடுவார். வால்ஸ்கிஸ் சென்னையினை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். மறு சீசனில் கோச் ஓவன் காய்ல் ஜாம்ஷெட்பூர் போக, அவரும் பின்னாலேயே போய்விட்டார். சென்னையினுக்கு மறுபடி முதலிலிருந்து தேடல்.

## விலை கொடுத்து இந்திய வீரர்

என் வாக்கு இதற்குத்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

ஏழு இந்தியர்கள் ஆடியாக வேண்டும் என்றால் கோப்பை யாருக்கு என்பதை அந்த ஏழு பேரின் தரம்தான் முடிவு செய்யும். நான்கு வெளிநாட்டுக்காரர்களை எல்லாக் கிளப்பும் ஏறத்தாழ ஒரே தரத்தில் பிடித்துவிடுகின்றன. நல்ல இந்திய மிட்ஃபீல்டர்கள் கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள், அதனால் விலையும் ஏறுகிறது. 2023-ல் மோகன் பகான் செய்ததைப் பாருங்கள். சென்னையினிலிருந்து அனிருத் தாப்பா, பிளாஸ்டர்ஸிலிருந்து சஹல் அப்துல் சமத். சஹலுக்குப் பணமும் கொடுத்து, மாற்றாக டிஃபென்டர் பிரீத்தம் கோட்டாலையும் அனுப்பினார்கள். அந்த சீசனில் லீக் ஷீல்டு, அதாவது லீக் ஆட்டங்களில் முதலிடத்துக்கான பரிசு. 2024-25-ல் ஷீல்டும் கோப்பையும் சேர்த்து. அந்த இருவரால்தான் எல்லாம் கிடைத்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மிட்ஃபீல்டருக்குக் காயம் என்றால் அதே தரத்தில் இன்னொரு இந்தியர் எழுந்து வந்தார். மற்ற கிளப்களிடம் அந்த வசதி இல்லை.

மறைந்திருக்கும் விலையைச் சொல்ல வேறெங்கும் போக வேண்டாம், நம் கரையிலேயே உதாரணம் இருக்கிறது. தூத்தூர்க் கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்பிலிருந்து 2018-ல் ஜாம்ஷெட்பூர், 2019-ல் ஏடிகே என்று ஏறிப்போனார். முதல் சீசனிலேயே ஏடிகே சாம்பியன். அடுத்த சீசனின் முதல் ஆட்டம் 2020 நவம்பர் 20, கோவாவில், கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில். எதிரில் பிளாஸ்டர்ஸ். இந்தப் பக்கம் நம்ம பையன், அந்தப் பக்கம் நம்ம டீம். யாருக்குக் கத்துவது என்று தெரியாமல் டிவி முன் உட்கார்ந்திருந்தவர்கள் இங்கே நிறையப் பேர். முதல் பாதியிலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்த சீசன் முழுவதும் திரும்ப முடியவில்லை.

இதில் யார் தப்பும் இல்லை. இருபத்தைந்து, இருபத்தாறு வயது, ஓட்டம், இடதுகால். எந்தக் கிளப்பும் எடுத்திருக்கும். ஆனால் நீண்ட ஒப்பந்தம் போடும் கிளப் காயத்துக்கும் சேர்த்தே ஒப்பந்தம் போடுகிறது. சம்பளம் வரம்புக்குள் ஏறிவிடும், ஆள் மைதானத்தில் இருக்க மாட்டார். அதனால் ஒரே இந்தியரிடம் பணப்பெட்டியைக் காலி செய்வதைவிட, நடுத்தர விலைக்கு இருவரை எடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பெரிய பெயர் வரவில்லை என்று ரசிகர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

## ஃப்ரீயாக வருபவர்

"மக்கா, அவன் ஃப்ரீயா வாரான்லா, பெறவு என்னத்துக்கு யோசிக்கணும்?" இதுதான் டீக்கடையில் அதிகம் கேட்கும் வாதம்.

1995 டிசம்பர் 15 அன்று போஸ்மேன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, ஒப்பந்தம் முடிந்த வீரர் பழைய கிளப்புக்குக் காசு கொடுக்காமலே போகலாம் என்பது நடைமுறையானது. கடைசி ஆறு மாதத்திலேயே அடுத்த கிளப்போடு பேசிக் கையெழுத்தும் போடலாம். ஆனால் பழைய கிளப்புக்குப் போகாத பணம் காற்றில் கரைந்துவிடுவதில்லை. வீரரும் ஏஜென்ட்டும் அதைத் தெரிந்துகொண்டே பேரம் பேசுகிறார்கள். 2019-ல் ஆர்சனலிலிருந்து யுவென்டஸுக்கு ஃப்ரீயாகப் போன ஆரோன் ராம்சியின் சம்பளம் அந்த அணியின் மேல் வரிசையில் இருந்தது. காயங்களுக்கு நடுவே கொஞ்சமாக ஆடி, 2022-ல் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டு அனுப்பினார்கள்.

நம் பக்கத்துக் கதை 2024-ல் நடந்தது. 13 கோலோடு 2023-24-ன் தங்கக் காலணியை வாங்கிய டிமிட்ரியோஸ் டயமண்டகோஸ் ஒப்பந்தம் முடிந்து ஈஸ்ட் பெங்கால் போனார். பிளாஸ்டர்ஸுக்கு ஒரு பைசா வரவில்லை. அதே கோடையில் கோவாவிலிருந்து நோவா சதோவி ஃப்ரீயாகவே பிளாஸ்டர்ஸுக்கு வந்தார். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அன்று ஆடிய ஆட்டம் இருக்கிறதே! ஆனால் கோல் மழை அங்கே தொடரவில்லை. போன வருடத்துக் கோல்களுக்குத்தான் சம்பளம் பேசப்படுகிறது. அடுத்த வருடம் அவருக்குப் பந்து போடுவது யார் என்பதை யாரும் கேட்பதில்லை.

எனக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஃப்ரீயாக வரும் ஆளைப் பழைய கிளப் தக்கவைக்க முயன்றதா என்று பாருங்கள். முயன்று தோற்றிருந்தால் சரக்கு நல்லது. கை குலுக்கி வழியனுப்பியிருந்தால் மருத்துவ அறிக்கையை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

## லோன்

பக்கத்து ஊர் வள்ளத்தை வாடகைக்கு எடுத்துக் கடலுக்குப் போவது மாதிரி இது. பாடு நன்றாக இருந்தால் மீன் நமக்கு, வள்ளம் அவர்களுக்கு.

2021-22-ல் பிளாஸ்டர்ஸ் இறுதிக்குப் போனதில் ஹோர்கே பெரைரா டயஸுக்கு நல்ல பங்கு உண்டு. அர்ஜென்டினாவின் பிளாட்டென்ஸே கிளப்பிலிருந்து லோனில் வந்தவர். எட்டு கோல், கூடவே எதிரணி டிஃபென்டர்களோடு ஓயாத தகராறு. அவர் கொச்சியிலேயே இருந்துவிடுவார் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, அடுத்த சீசனில் மும்பை சட்டையில் வந்து நின்றார். மும்பை அந்த வருடம் லீக் ஷீல்டு வாங்கியது. கூடவே ஆடிய அல்வாரோ வாஸ்கெஸ் கோவா போனார். லோனில் வருபவரை வைத்து ஆட்ட முறையையே கட்டினால் இந்த ஆபத்து உண்டு. ஆள் போகும்போது முறையும் போய்விடும்.

வெளியே லோனில் அனுப்பும் கிளப்பும் யோசிக்க வேண்டியது இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 14 அன்று பயர்ன் 8-2 என்று பார்சிலோனாவை நொறுக்கியபோது கடைசி இரண்டு கோலை அடித்தவர் கூட்டின்யோ, பார்சிலோனாவே பயர்னுக்கு லோனில் அனுப்பிய ஆள்.

"லோன் முடிந்ததும் கட்டாயம் வாங்க வேண்டும்" என்று ஷரத்து இருந்தால் அது லோனே அல்ல, தவணையில் வாங்குவது. 2017-ல் எம்பாப்பே மொனாக்கோவிலிருந்து பாரிஸின் பிஎஸ்ஜி போனது அப்படித்தான். செய்தியில் லோன் என்று பார்த்ததும் அதற்கு அடுத்த வரியையும் படியுங்கள்.

## அகாடமிப் பையன்

சஹல், ஜீக்சன் சிங், விபின் மோகனன் என்று பிளாஸ்டர்ஸின் இளையோர் அணிகள் வழியாக வந்தவர்கள் இல்லாமல் அந்தக் கிளப்பின் கடந்த சில வருடங்களைப் பேசவே முடியாது. சஹலையும் ஜீக்சனையும் விற்றுக் காசும் பார்த்தார்கள். செலவுப் பத்தியில் இதைவிட மலிவு எதுவும் இல்லை. ஆனால் பத்தொன்பது வயது டிஃபென்டர் ஒரு சீசனில் நான்கு கோலைத் தானே தானம் செய்வார். அதைத் தாங்கும் பொறுமை கோச்சுக்கு இருக்கலாம். மூன்று ஆட்டம் தோற்றதும் "கோச்சை மாத்து" என்று நாம்தானே பேனர் பிடிக்கிறோம்? அகாடமி வேண்டும் என்று கேட்கிறவர் அந்த பேனரைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

## ஜனவரியில் என்றால்

ஜனவரி விண்டோவில் விற்கிறவருக்கு நம் அவசரம் தெரியும். 2011 ஜனவரி 31 அன்று லிவர்பூல் டோரெஸை ஐந்து கோடி பவுண்டுக்கு செல்சிக்கு விற்று, அதே நாளில் ஆண்டி கேரலை மூன்றரைக் கோடிக்கு வாங்கியது. இரண்டுமே வாங்கியவர்களுக்கு நட்டம். அதே நாளில் சத்தமில்லாமல் வந்த சுவாரெஸ்தான் மிச்சம். நம் கிளப்புக்கு ஜனவரியில் லோனும் அகாடமியும் போதும் என்பது என் கட்சி. பின்வரிசையில் பெரிய ஓட்டை இருந்து, சரியான ஆளும் கிடைத்தால் மட்டும் பணத்தை எடுக்கலாம். 2018 ஜனவரியில் அதே லிவர்பூல் வான் டைக்கை எடுத்தது போல.

## ஊர் டீமுக்கு

இங்கே சம்பள வரம்பும் கிடையாது, வெளிநாட்டு ஒதுக்கீடும் டூர்னமென்ட் கமிட்டி வைப்பதுதான். ஆனால் வேறொரு சிக்கல் உண்டு, அது எந்த ஐரோப்பியக் கிளப்புக்கும் வராது. நம் நல்ல ஸ்ட்ரைக்கர் டூர்னமென்ட் நேரத்தில் ஆழ்கடலில் இருப்பார். தூத்தூர் பக்கத்துப் படகுகள் ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் திரும்பாது. பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் லட்சத்தீவுக்கு அந்தப் பக்கம் வலை இழுத்துக்கொண்டிருப்பார்.

அதனால் கெஸ்ட் ஆட்களே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஏழு பேர் அணியாக ஆடும் மலபார் செவன்ஸில் ஆப்பிரிக்க வீரர்களை இறக்கி ஆடுவது வெகுகாலமாக நடக்கிறது, கூட்டமும் வருகிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஆட்டக் கூலி, வண்டிச் செலவு, தங்க இடம், சாப்பாடு, அடிபட்டால் ஆஸ்பத்திரி. முதல் பரிசையே வாங்கினாலும் பல நேரம் கைக்காசு போகும். அதைவிட மோசம், மூன்று மாதமாகக் காலையில் கடற்கரை மணலில் ஓடிய பையன் பெஞ்சில் உட்காருவது. அடுத்த வருடம் அவன் பயிற்சிக்கு வர மாட்டான்.

கூப்பிடத்தான் வேண்டும் என்றால் கோல்கீப்பரையோ, பின்வரிசையில் நிற்கும் ஸ்டாப்பரையோ கூப்பிடுங்கள். முன்வரிசை நம்ம பையன்களுக்கு இருக்கட்டும். செவன்ஸ் மைதானம் சின்னது, கோல் எப்படியும் விழும். அதைத் தடுக்கத்தான் ஆள் பஞ்சம். ஊர்க்காரர்கள் கத்துவதும் தெரிந்த பையன் அடிக்கும் கோலுக்குத்தான்.

கமிட்டிக்காரர்கள் கவனிக்காத ஒரு வரவும் இருக்கிறது. ஒரு வீரரை விலை கொடுத்து வேறு நாட்டுக் கிளப் வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை 0.5 சதவீதம். 13, 14, 15 வயதில் ஒரு பையன் உங்களிடம் ஆடியிருந்து, பின்னால் பத்து லட்சம் யூரோவுக்குப் போனால் உங்கள் பங்கு 7,500 யூரோ. இரண்டு வருடத்துக்குப் பந்தும் பூட்ஸும் வாங்கித் தீராது. அவர் ஃப்ரீயாகப் போனால் இதில் ஒன்றும் கிடையாது, ஏனென்றால் பிரிப்பதற்குத் தொகையே இல்லை.

இதெல்லாம் அந்தப் பையன் அந்த வயதில் உங்கள் கிளப்பில் முறையாகப் பதிவாகியிருந்தால்தான். பெரும்பாலான ஊர்க் கிளப்கள் மாவட்டச் சங்கத்தில் சேருவதும் இல்லை, அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் (ஏஐஎஃப்எஃப்) ஆன்லைன் பதிவில் பையன்களை ஏற்றுவதும் இல்லை. தடைக்காலத்தில் எல்லோரும் கரையில்தானே இருக்கிறீர்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ மூன்றையும் வாங்கிக்கொண்டு ஒரு நாள் நாகர்கோவில் போய் மாவட்டச் சங்கத்தில் விவரம் கேட்டு வந்துவிடுங்கள்.